முதல் பந்திக்காரி

காமினி இதுவரை வென்றவற்றை முதலில் சொல்லிவிடலாம். பதினாறாவது மாடிக்கும் தரைக்கும் நடுவே நினைத்த இடத்தில் நின்று தியானம் செய்யும் லிஃப்டை வென்று, பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சை நடந்த அத்தனை நாளும் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். தொழிற்சாலைக் குடும்ப தினத்தில், மேனேஜரே நடுவராக நின்ற பூப்பந்துப் போட்டியில் மேனேஜரின் மருமகனை வென்றாள். கோப்பையைக் கொடுத்தபோது மேனேஜரின் முகம் பல்வலிக்காரன் முகம் போல இருந்ததற்குப் புகைப்பட ஆதாரம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. "பொண்ணு கம்ப்யூட்டர்ல சுடுமாமே, சமைக்குமா?" என்று கேட்டுக்கொண்டு வந்த மூன்று மாப்பிள்ளை வீட்டாரை, குரலை உயர்த்தாமல், உண்மையை மட்டும் சொல்லியே வென்றாள். கடைசியாக, கடல் தாண்டிக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இழுத்து மூடிவிடலாம் என்று முடிவு செய்திருந்த ஒரு கம்பெனியிடமிருந்து, துப்பாக்கி விளையாட்டு சர்வர் ஒன்றை வென்றாள்.

அவள் குடியிருப்பது பினாங்கில், ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில். துப்பாக்கி விளையாட்டுக்காரிக்கு ஏற்ற விலாசம் என்று சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. அந்த நகைச்சுவையைத் தாம்தான் முதலில் கண்டுபிடித்ததாக ஒவ்வொருவரும் நம்புவதால், காமினியும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரித்து வைப்பாள்.

அந்த வீட்டில் இரண்டே பேர். அக்கா ரமணி மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கிறாள். தங்கை காமினி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதித்துப் பார்க்கிறாள். அங்கே அவளுக்கு ஒன்பது வருட அனுபவம். அந்த ஒன்பது வருடத்தில் அவள் வேலை பழக்கிவிட்ட மூன்று பேர் அவளுக்கே லைன் லீடர்களாகி, "காமினி, கொஞ்சம் ஹெல்ப் பண்ண முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்கும் அளவுக்கு நிறுவனம் முன்னேறியிருக்கிறது. "யூ ஆர் வெரி சப்போர்ட்டிவ்" என்று வருடா வருடம் எழுதிக் கொடுப்பார்கள். நாற்காலியையும் அப்படித்தான் சொல்வார்கள்.

அதனால் அவளுக்கு வேறொரு இடம் தேவைப்பட்டது. 'ஸ்டீல் மான்சூன்' என்ற விளையாட்டில் அது கிடைத்தது. பன்னிரண்டு பேர் ஒரு பக்கம், பன்னிரண்டு பேர் மறுபக்கம், நடுவே மழை பெய்துகொண்டே இருக்கும் ஒரு துறைமுகம். சுட வேண்டும், சுடுபடாமல் இருக்க வேண்டும். அங்கே அவள், "இடது பக்கம் போங்க" என்று சொன்னால் பதினோரு பேர் இடது பக்கம் போனார்கள். இதை லேசான விஷயமாக நினைப்பவர்கள், தம் வாழ்நாளில் எத்தனை பேர் தம் சொல்லைக் கேட்டு ஒரே பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பிரச்சினை அந்த இருபத்துநாலில்தான் இருந்தது. காத்திருப்புக் கூடத்தில் இருபத்துநாலு பேர் சேராமல் ஆட்டம் தொடங்காது. விளையாட்டு வெளிவந்த புதிதில் தென்கிழக்காசிய சர்வரில் ஆயிரக்கணக்கானோர் மொய்த்தார்கள். பிறகு அடுத்த விளையாட்டு வந்தது, அதற்கடுத்தது வந்தது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத் திரை மூலையில் ஓர் எண் காட்டிக்கொண்டே இருக்கும். அது முந்நூறானது, நூறானது, ஒருநாள் சாயங்காலம் நான்கில் நின்றது. புதிதாக வருகிறவன் நான்கைப் பார்ப்பான், போய்விடுவான். அவன் போனதால் அது நான்காகவே இருக்கும். பத்துப் பேர் இப்படி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனால், வந்தது பத்துப் பேர் என்று யாருக்குமே தெரியாது.

இதற்கு மருந்து காமினிக்குத் தைப்பூசத்தன்று கிடைத்தது. தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் அவர்கள் குடியிருப்புக்காரர்கள் பந்தல் போட்டு, மேசை வரிசையில் இலை விரித்து, அன்னதானத்துக்கு ஆயத்தமாக நின்றார்கள். சாம்பார் கொதிக்கிறது, அப்பளம் நொறுங்கக் காத்திருக்கிறது, சாப்பிட ஆளைக் காணோம். வருகிறவர்கள் எல்லாம் காலி இலைகளைப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கலை போல லா" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தலுக்கு நடந்தார்கள். ஜனங்கள் பசியில் செத்தாலும் சாவார்கள், முதல் ஆளாக உட்கார மாட்டார்கள்.

கரண்டியோடு நின்ற காமினி, பக்கத்தில் சும்மா நின்ற கிஷனைப் பிடித்தாள். கிஷன் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்பவன். டிப்ளோமா படித்தவன், ஆனாலும் நல்லவன்.

"உக்காரு."

"எனக்குப் பசிக்கலக்கா."

"பசிக்கச் சொன்னேனா? உக்காரத்தானே சொன்னேன்."

"இப்பதான் ரெண்டு பந்தல்ல தின்னுட்டு வர்றேன்."

"அப்ப இன்னும் நல்லது. மெதுவா சாப்பிடுவே."

கிஷன் உட்கார்ந்தான். அவன் கூட்டாளிகள் மூவர் எதிரே உட்கார்ந்தார்கள். நான்கு இலையில் சோறு விழுந்ததும், சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்றது. அடுத்த கால் மணி நேரத்தில் இடம் பிடிக்கச் சண்டை. காமினி கரண்டியைப் பிடித்தபடி அந்தச் சண்டையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அக்கா ரமணிக்குப் புரியவில்லை. "சாம்பார் தீருதுன்னு சொல்றேன், இவ ஏன் பல்லைக் காட்டுறா?" என்றாள்.

அடுத்த வாரமே 'முதல் பந்தி' என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு பிறந்தது. வேலை இதுதான்: முறை வைத்துக்கொண்டு, ஆட்கள் வரும் நேரத்துக்குச் சற்று முன்பாகவே பத்துப் பேர் காலிக் கூடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சுட வேண்டாம், பேச வேண்டாம், இருந்தால் போதும். காலைப் பணி முடிந்தவர்கள் சாயங்காலம், மதியப் பணிக்காரர்கள் காலையில், கடை வைத்திருப்பவர்கள் கடை காற்றாடும் நேரத்தில். மாக் மண்டின் வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் இருந்தார்கள். பாலிக் புலாவில் டுரியான் பழச் சீசன் தவிர மற்றக் காலத்தில் வேலையற்றிருந்த இருவர் இருந்தார்கள். எல்லாருமாக முப்பது பேர். வேலையே செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு கச்சிதமாகப் பணிமுறை அட்டவணை போட்ட அமைப்பு, அரசாங்க அலுவலகங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், பினாங்கிலேயே அது ஒன்றுதான்.

கூடத்தில் பத்துப் பேரைப் பார்த்தால் பதினோராமவன் நிற்பான். ஈப்போவிலிருந்து வந்தார்கள், மேடானிலிருந்து வந்தார்கள், மணிலாவிலிருந்து வந்தார்கள். மூலையில் இருந்த எண் சாயங்காலங்களில் எழுபதைத் தொட்டது. விளையாட்டில் காமினி வைத்துக்கொண்ட பெயரும் 'பந்தி'தான். மணிலாக்காரன் ஒருவன் அதை ஏதோ போர்த்தெய்வத்தின் பெயர் என்று நம்பி, "கேப்டன் பந்தி" என்று பயபக்தியோடு கூப்பிடுவான். அவனைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்ததால் கம்பெனிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஜூலையில் ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. முதலாவது, 'மான்சூன் பாஸ்'. காசு கொடுத்து வாங்கினால் மூன்று புது மைதானங்கள், துப்பாக்கிக்குத் தங்கப் பூச்சு, தனிக் காத்திருப்புக் கூடம். இரண்டாவது அறிவிப்பில் 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு' என்று தொடக்கம். அப்படித் தொடங்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியாதவர்கள் வங்கிக் கணக்கே வைத்திராதவர்கள். அன்றிலிருந்து அக்டோபர் முடிய, மாலை வேளைச் சராசரி அறுபது பேருக்குக் கீழே இருந்தால் தென்கிழக்காசிய சர்வர் மூடப்படும். எல்லாரும் ஐரோப்பிய சர்வரில் விளையாடலாம். விளையாடலாம்தான். பினாங்கிலிருந்து ஐரோப்பாவுக்குச் செய்தி போய்த் திரும்புவதற்குள், எதிரி தெரிவதற்கு முன்னாலேயே குண்டு பட்டுச் செத்திருப்போம். அங்கே, "இடது பக்கம் போங்க" என்று காமினி சொன்னால், அது போய்ச் சேரும்போது அங்கே யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிறு மதியம் ஷேக் அலாவுதீன் கடையில் கூடினார்கள். அலாவுதீன் பாய் பினாங்கு ரோட்டுப் பக்கம் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்தாறு. குழம்பில் கை நிதானம் எப்படியோ, தொலைதூரத் துப்பாக்கியிலும் அப்படித்தான். கல்லாவுக்குப் பின்னால் கணினி வைத்து, தட்டுக் கணக்குச் சொல்லிக்கொண்டே சுடுவார்.

"கம்பெனிக்கு என்ன வேணும்? காசு வேணும்," என்றார் பாய். "நம்ம பக்கத்துலேர்ந்து பாஸ் நல்லா விக்குதுன்னு தெரிஞ்சா மூடுவானா? ஓடுற கடைய எவன் மூடுவான்?"

"எல்லாராலயும் வாங்க முடியாது பாய்," என்றாள் காமினி. "ஒருத்தன் தங்கத் துப்பாக்கியோட நிப்பான், ஒருத்தன் பாத்துக்கிட்டு நிப்பான். நல்லாருக்காது."

"எல்லாரும் வாங்க வேணாம். நான் வாங்கித் தர்றேன். முப்பது பேருக்கும்."

"அலாமாக்!" என்றான் கிஷன். "பாய், நெசமாவா?"

"ஏண்டா, எம் மக நிக்காஹ்வுக்கு அத்தனை பேரும் வந்து தட்டுத் தூக்குனீங்கல்ல? அன்னைக்கு நான் கணக்குப் பாத்தேனா? ஒரு இலையில கறியப் போட்டுட்டுப் பக்கத்து இலைய வெறும் இலையா விடுறது எங்க கடைப் பழக்கம் இல்ல."

காமினி, "சரி பாய். போனா எல்லாரும் ஒன்னாப் போவோம்," என்றாள்.

பிற்பாடு அந்த வார்த்தையை அவள் பல முறை நினைத்துக்கொண்டாள். உலகத்தில் மற்ற ஊர்களில் ஐந்து பேர் வாங்குவார்கள், பத்துப் பேர் வாங்க மாட்டார்கள், அதனால் அங்கே பழைய கூடத்தில் யாராவது மிச்சம் இருப்பார்கள். ஒருவரையும் விட்டுவிட்டுச் சாப்பிடத் தெரியாத இந்த முப்பது பேர் மட்டும்தான் ஒரே நாளில், ஒருவர் பாக்கியில்லாமல், தம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள்.

ஏனென்றால் பாஸ் வாங்கியவர் விளையாட்டைத் திறந்ததும், கேட்காமலேயே புதுக் கூடத்துக்கு அனுப்பப்படுவார். அழகான கூடம். தங்க நிற விளக்கு, மெல்லிய இசை, கண்ணாடிக்கு வெளியே கப்பல். அங்கே முதல் பந்திக்காரர்கள் பதினைந்து பேர், பதினெட்டுப் பேர், ஒரு பொன்னான சாயங்காலம் பத்தொன்பது பேர், தங்கத் துப்பாக்கிகளோடு இருபத்துநாலாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்துப் பழைய கூடத்தில் முதல் பந்திக்கு ஆளில்லை. ஈப்போக்காரன் எட்டிப் பார்த்தான், போனான். மணிலாக்காரன், "கேப்டன் பந்தி எங்கே?" என்று கேட்டு எழுதினான், பதில் எழுத யாருமில்லை, அவனும் போனான். ஆகஸ்டு முடிவதற்குள் மூலையில் இருந்த எண் இருபதுக்குக் கீழே விழுந்தது. அந்த இருபதும் இவர்களேதான். துப்பாக்கி சுடவே வழியில்லாத இடத்தில் துப்பாக்கிக்குத் தங்கம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் அஞ்சு பேர் வந்தா ஆரம்பிச்சிரும்," என்று கிஷன் தினமும் சொன்னான். காமினிக்கும் எங்கே பிசகு என்று பிடிபடவில்லை. பணிமுறையை மாற்றினாள், நேரத்தை மாற்றினாள், இரண்டு நாள் விடுப்புப் போட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் சோற்றை அளைந்துகொண்டிருப்பதைப் பார்த்து ரமணி, "யாரு செத்தா?" என்று கேட்டாள்.

"சாகல. சாகப் போவுது."

"எது?"

"சர்வர்."

"ஓ. நான் மனுசங்கன்னு நினைச்சேன்," என்றாள் ரமணி. ஆனால் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

கிஷனின் கல்யாணம் ஆவணியில் வந்தது. பெரிய மண்டபம். முன்னால் இரண்டு மேசைகளுக்கு மட்டும் தங்க நிறத் துணி, நாற்காலிகளுக்குத் தங்க நிற ரிப்பன், சுற்றிலும் கயிறு. டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பெரிய மனிதர் வரப்போகிறாராம். தாலி கட்டி முடிந்து வெகு நேரமாகியும் டத்தோ வரவில்லை. அவர் வராமல் சாப்பாட்டைத் திறக்கக்கூடாது என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மூடிகளுக்குக் காவலாக நின்றார். முந்நூறு பேர் மிக்சரைத் தின்று தண்ணீர் குடித்துக்கொண்டு, ஆளில்லாத இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் வீட்டுக்கு ஓட்டிப் போகக் காடிச் சாவியைத் தேடத் தொடங்கினார்கள்.

காமினி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா," என்றாள், "நாமதான் அந்த மேசை."

"நமக்கு எங்கடி அங்க இடம்? நம்ம மேசை பதினேழு."

"அது இல்லக்கா. இந்த ஜனம் பூரா வீட்டுக்குப் போறதுக்குக் காரணமே அந்த மேசைதான். நாங்களும் அந்த மாதிரிதான் போய் உக்காந்துக்கிட்டோம்."

காமினி மேடைக்குப் போய் மாப்பிள்ளைக்கு விபூதி பூசும் சாக்கில் குனிந்தாள். தலைப்பாகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிஷன், "கூடத்துல எத்தனை பேர்க்கா?" என்று கிசுகிசுத்தான். மணவறையில் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒம்போது. பாஸைக் கழட்டணும்டா. எல்லாரும்."

கிஷன் முகம் மாறியது. "கழட்டலாம். பாய் கிட்ட யார் சொல்றது?"

அங்கேதான் முடிச்சு. பாஸைக் கழற்றினால்தான் பழைய கூடத்துக்குத் திரும்ப முடியும். கழற்றினால் மைதானங்களும் போகும், தங்கமும் போகும், மறுபடி வேண்டுமென்றால் மறுபடி வாங்க வேண்டும். கம்பெனி அந்தப் பட்டனை ஆறேழு திரைகளுக்கு உள்ளே, யாரும் தவறிக்கூடப் போகாத இடத்தில் புதைத்து வைத்திருந்தது. ஆனால் அது பெரிதல்ல. ஒரு மனிதர் ஆசையாகப் பரிமாறியதை முப்பது பேரும் இலையிலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று, பரிமாறியவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். பினாங்கில் இதற்குத் துணிந்தவர்கள் குறைவு.

மறுநாள் திங்கட்கிழமை, கடையில் கூட்டம் குறைந்த மூன்று மணிக்கு, காமினி போனாள். கூடவே ரமணியும் வந்தாள், துணைக்கு என்று சொல்லிக்கொண்டு. உண்மையில் வேடிக்கை பார்க்க.

பாய் கேட்டு முடித்ததும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் போட்ட கறிய எடுத்து வைக்கச் சொல்ற."

"கறி நல்லாத்தான் இருக்கு பாய். உக்காந்த இடம்தான் தப்பு."

"தங்கச்சி, நான் பிச்சையா போட்டேன்? மனசாரத் தந்தேன்."

"மனசாரத் தந்தீங்க. அதனாலதான் ஒருத்தர் மிச்சமில்லாம எல்லாரும் போயிட்டோம். நீங்க கஞ்சனா இருந்திருந்தா நமக்கு இந்தக் கஷ்டமே இல்ல."

ரமணிக்குச் சிரிப்பு வந்தது. பாய்க்கு வரவில்லை.

"அப்ப தப்பு என் மேலயா?"

"என் மேல பாய். நீங்க கேட்டீங்க, எல்லாரும் ஒன்னாப் போவோம்னு சொன்னது நான். காலி இலையில எவனும் உக்கார மாட்டான்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு, நம்ம இலைய நானே காலி பண்ணிட்டேன். இப்பத் திரும்பலன்னா அக்டோபரோட முடிஞ்சிரும். நீங்க வேணாம்னு சொன்னா நான் யாரையும் கழட்டச் சொல்ல மாட்டேன். ஆனா அப்புறம் நமக்குன்னு ஒரு இடம் இருக்காது பாய். எனக்கு வேற இடம் இல்ல."

கடைசி வாக்கியம் அவள் சொல்ல நினைத்து வந்ததல்ல. அது தானாக வந்து மேசை மேல் விழுந்தது. ரமணி தங்கையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். இதுவரை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த எதையோ முதன்முறை வேறு கண்ணால் பார்த்தாள்.

பாய் தோளில் கிடந்த துண்டால் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். பிறகு, "எல்லாரும் கழட்டுங்க," என்றார். "நான் கழட்ட மாட்டேன்."

"பாய்..."

"கேளு முழுசா. காசு குடுத்து வாங்கிட்டு எவனாவது புதுசா அந்தக் கூடத்துக்கு வருவான்ல? வந்து, யாருமில்லாம முழிப்பான், விளையாட்டே செத்துப் போச்சுன்னு நெனச்சுட்டுப் போயிருவான். அவனுக்கு வழி சொல்ல ஒரு ஆளு வேணும். நான் அங்கயே உக்காந்துக்கிறேன். சாப்பாடு பக்கத்து ஹால்லன்னு சொல்லி அனுப்புறேன்."

"தனியாவா உக்காந்திருப்பீங்க?"

"கல்லாவுல இருபது வருசமாத் தனியாத்தான் உக்காந்திருக்கேன். இங்கயாச்சும் பாட்டுப் போடுறான்," என்றார் பாய். பிறகு ரமணியிடம், "நீங்க சாப்பிட்டீங்களாம்மா? இல்ல, இதையும் புங்குஸ் கட்டி எடுத்துட்டுப் போயி வீட்டுல கழட்டி வைப்பீங்களா?" என்றார். இருவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேறு வழியில்லை.

அன்று மாலையே இருபத்தொன்பது பேர் தங்கத்தைக் கழற்றிவிட்டு, பழைய துருப்பிடித்த துப்பாக்கியோடு பழைய கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அலாவுதீன் பாய் மட்டும் தங்க விளக்கின் கீழே, மெல்லிய இசையில், கப்பலைப் பார்த்துக்கொண்டு, வழிகாட்டியாக உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு ஐந்தாறு பேர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பாய் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஃபுட் நெக்ஸ்ட் டோர்" என்று எழுதினார். படித்தவர்கள் குழம்பினார்கள், ஆனால் போனார்கள். புதைத்து வைத்த பட்டன் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே மனிதர், அந்தப் பாஸை முப்பது எண்ணம் வாங்கியவர்தான்.

செப்டம்பரில் எண் நாற்பதுக்கு வந்தது. அக்டோபரில் நூறு, நூற்றிருபது. ஆகஸ்டின் பள்ளத்தை நிரப்ப வேண்டியிருந்ததால் சராசரி மட்டும் அறுபதுக்கு ஒரு முடி கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் கம்பெனி குறித்த கடைசி நாளாகத் தீபாவளியே வந்து வாய்த்தது. தமிழர் வீட்டில் எவன் அன்றைக்குக் கணினி முன் உட்காருவான்? வீட்டுக்கு வீடு ஓப்பன் ஹவுஸ் விருந்து, முறுக்கு, சொந்தபந்தம். முந்தின நாள் பணிமுறையைப் போட உட்கார்ந்த காமினிக்குப் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. அப்போது குழுவில் பாயின் குரல் வந்தது: "நாளைக்கு உங்களுக்குப் பெருநாள். யாரும் வர வேணாம். பந்திய நாங்க பாத்துக்கிறோம்." தீபாவளி மாலையில் பாயும் அவர் கடை ஆட்களும், அவர் மருமகனும் மருமகனின் அலுவலகத்துக்காரர்களும், பட்டர்வொர்த் சீனப் பிள்ளைகள் சிலரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அதற்காகப் பாய் அன்றைக்குத்தான் தன் பாஸையும் கழற்றினார். தங்கக் கூடம் கடைசியில் கம்பெனி கட்டியபோது இருந்த அதே தூய்மையில், சுத்தமாகக் காலியாயிற்று. மணிலாக்காரன் தன் நண்பர்கள் பதினாறு பேரைக் கூட்டி வந்து, "ஹேப்பி பந்தி டே" என்று வாழ்த்தினான்.

சராசரி சரியாக அறுபது.

நவம்பரில் கம்பெனியின் கோலாலம்பூர் கிளையிலிருந்து லைலா என்ற அதிகாரி கூப்பிட்டாள். அம்மா வழியில் கடையநல்லூர்க்காரி என்பதால் தமிழிலேயே பேசினாள். குரலில் தூக்கம் போதாத களைப்பு.

"உங்க சர்வர் எண்ணிக்கை ஓகேதான் மிஸ் பந்தி. ஆனா உங்க பக்கத்துல பாஸ் வாங்குனவங்க எல்லாரும் அதக் கழட்டிட்டாங்க. உலகத்துலயே எங்கயும் இப்படி நடக்கல. மேலிடத்துல இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னே தெரியல. மூணு மீட்டிங் போட்டுட்டாங்க."

"என்ன முடிவு பண்ணாங்க?"

"நாலாவது மீட்டிங் போடுறதுன்னு," என்றாள் லைலா. பிறகு குரலைத் தாழ்த்தி, "மூட மாட்டாங்க, வாக்குக் குடுத்துட்டாங்க. ஆனா நடத்தவும் இஷ்டமில்ல. யாராவது பொறுப்பு எடுத்துக்கிட்டா சாவிய உங்ககிட்டயே குடுத்துரலாம்னு நான் சொல்லிப் பாத்தேன். சரின்னுட்டாங்க. புதுக் கூடமும் பழைய கூடமும் ஒன்னாக்குறது உங்க இஷ்டம். ஒரு ஒப்பந்தம் வரும். அதுல 'பந்தி'ன்னு போட முடியாது. மனுசப் பேர் வேணும்," என்றாள்.

ஒப்பந்தத்தை அச்செடுத்துப் பாய் கடை மேசையில் விரித்தார்கள். உடனே பெருந்தன்மைப் போட்டி தொடங்கியது.

"பாய் போடட்டும், பெரியவரு, கடை வேற இருக்கு," என்றார் ஒருவர்.

"கிஷன் போடட்டும்பா, இங்கிலீஷ்ல ஏதாச்சும் கேட்டா பதில் சொல்ல டிப்ளோமா இருக்கு," என்றார் இன்னொருவர்.

"ரமணிக்கா போடலாமே, அவங்க வீட்டு விலாசம்தானே," என்று கிஷன் அதைத் தன் தலையிலிருந்து தள்ளிவிட்டான்.

காமினி ஓரமாக நின்றாள். ஒன்பது வருடமாகப் பழகிய நிற்கும் முறை அது. யாராவது ஒருவர் வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வார், பிறகு உதவிக்குக் கூப்பிடுவார்.

ரமணி கைப்பையில் துணிக்கு அடையாளம் போடும் சாக்குக்கட்டியைத் தள்ளிவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்தாள். "ஆளாளுக்கு அடுத்தவன் பேரைச் சொல்றீங்களே, இத்தனை மாசமா உக்காருன்னு சொன்னவ இவதானே? நிக்கிறா பாரு தூண் மாதிரி. ஏய் காமி, வந்து உக்காரு."

"நான் போட்டா கம்பெனி ஒத்துக்குமாக்கா?"

"ஒத்துக்கலன்னா அவங்க அஞ்சாவது மீட்டிங் போடட்டும்."

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். காமினி உட்கார்ந்தாள். மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். பாய் இரண்டு முறை டீயை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் அவள் கையெழுத்தே போட்டதில்லையா என்றால், போட்டிருக்கிறாள்: பெற்றுக்கொண்டேன் என்று, வாசித்துப் புரிந்துகொண்டேன் என்று, தாமதமாக வந்தேன் என்று. பொறுப்பாளர் என்ற சொல்லுக்கு நேரே காமினி ராமசாமி என்று அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்டது, 2024 நவம்பர் 16, சனிக்கிழமை.